திவி, திவஸ், திவியெம்: லாத்வியத்தில் எத்தனை 'இரண்டு'?

கேள்வி, 4 நவம்பர் 2023

ரீகாவுக்குப் படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைபேசிச் செயலி ஒன்றை வைத்து ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்துவிட்டேன். இரண்டுக்கு 'திவி' என்று போட்டிருந்தது. கடையில் இரண்டு காபிக்கு "திவி கஃபியஸ்" என்றால் அந்தப் பெண் "திவஸ் கஃபியஸ்?" என்று திருப்பிக் கேட்கிறாள். கல்லூரி அலுவலகத்தில் இரண்டு முதல் நான்கு வரை திறந்திருக்கும் என்று சொன்னபோது 'திவியெம்' என்று காதில் விழுந்தது. மாடியைச் சொல்லும்போது 'உவொத்ர' என்று என்னவோ சொல்கிறார்கள். அதில் திவியே இல்லை. செயலி தப்பா, நான் தப்பா? பழையவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 நவம்பர், இரவு

எல்லாமே சரி. செயலியும் சரி. அது பாதியோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

லாத்வியத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள் பின்னால் வரும் பெயருக்கேற்ப மாறும். அந்த மொழியில் பெயர்ச்சொல் எல்லாமே ஆண்பால் அல்லது பெண்பால். நாற்காலி, மழை, காபி எதுவும் தப்பாது. காபி (கஃபியா) பெண்பால், எனவே திவஸ் கஃபியஸ். தேநீரும் பெண்பால்தான். பீராக்ஸ் என்று பன்றிக்கறி வைத்துச் சுட்ட சின்ன ரொட்டி ஒன்று உண்டு, எந்த ரொட்டிக்கடையிலும் கிடைக்கும், அது ஆண்பால். அப்போது திவி. ஆனால் கடையில் கேட்டு வாங்கும்போது அது செயப்படுபொருள் ஆகிவிடும், எனவே "திவுஸ் பீராகுஸ்". பெண்பாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் திவஸ்தான். காபி மட்டும் குடித்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

முழு வரிசை இது. ஆண்பால்: திவி, திவு, திவியெம், திவுஸ், திவுவொஸ். பெண்பால்: திவஸ், திவு, திவாம், திவஸ், திவாஸ். எழுவாய், உடைமை, 'கு', 'ஐ', 'இல்' என்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பார்த்து மிரள வேண்டாம். மிரண்டாலும் பரவாயில்லை, நாங்களும் மிரண்டவர்கள்தான்.

நமக்கு இது ஒரேயடியாக அந்நியமும் இல்லை. ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று பால் பார்த்துத்தான் நாமும் எண்ணுகிறோம். ஆனால் நாம் ஆட்களோடு நிறுத்திக்கொண்டோம். அவர்கள் கரண்டி வரைக்கும் போய்விட்டார்கள்.

5 நவம்பர்

உச்சரிப்பை விட்டுவிட்டேன். 'தீபம்' என்பதில் வரும் த தான் திவியிலும். 'திரை'யில் வரும் த வைத்துச் சொன்னால் அவர்கள் காதில் வேறு எழுத்தாக விழும்.

உயிரெழுத்தின் தலையில் கோடு போட்டிருந்தால் நெடில். திவாம் என்பதில் உள்ள ஆ அப்படிப்பட்டது. வகுப்பில் மற்ற நாட்டு மாணவர்கள் இந்தக் குறில் நெடில் பேதத்தோடு மல்லுக்கட்டும்போது நாம் காலை நீட்டி உட்காரலாம். இன்னொன்று, 'ன'வின் கீழே சின்ன வால் போட்டிருந்தால் அது நம்ம ஞ. ஏழு செப்திஞி, எட்டு அஸ்துவொஞி, ஒன்பது தெவிஞி. ஐரோப்பாவுக்கு வந்து ஞகரத்தைப் பயன்படுத்தும் பாக்கியம்! அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதும் முதல் அசையில்.

9 நவம்பர்

'திவியெம்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னிடைச்சொற்கள் ('இருந்து', 'வரை', 'உடன்' மாதிரியானவை) லாத்வியத்தில் பெயருக்கு முன்னால் வரும். பன்மைப் பெயரோடு வந்தால் பெரும்பாலும் எல்லாமே நான்காம் வேற்றுமையைத்தான் கேட்கும். ஒருமையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேற்றுமை கேட்டுப் படுத்தும். பன்மை வந்தால் சமாதானம். இரண்டு என்பது பன்மைதானே? எனவே 'நுவொ திவியெம் லீத்ஸ் செத்ரியெம்', இரண்டிலிருந்து நான்கு வரை. 'பிர்ம்ஸ் திவியெம் கதியெம்', இரண்டு ஆண்டுகளுக்கு முன். 'அர் திவாம் மாஸாம்', இரண்டு சகோதரிகளோடு.

அட்டவணை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்துச் சொல்லையும் சேர்த்து ஒரே மூச்சாகப் படியுங்கள். 'திவஸ் பில்யெதெஸ்' (இரண்டு பயணச்சீட்டு), 'திவி பேர்னி' (இரண்டு குழந்தைகள்), 'பேத்ஸ் திவியெம் கதியெம்' (இரண்டு ஆண்டு கழித்து). நாக்குக்குப் பழகிய சொற்றொடர் வேற்றுமையைத் தானே தூக்கி வந்துவிடும்.

9 நவம்பர், சிறிது நேரம் கழித்து

நான்காம் வேற்றுமை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. லாத்வியத்தில் 'வைத்திருக்கிறேன்' என்று உடைமையைச் சொல்லத் தனி வினைச்சொல் கிடையாது. 'மன் இர் திவி ப்ராளி' என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் உண்டு. 'மன்' தான் எனக்கு, 'இர்' உண்டு. வயதும் அப்படியே: 'மன் இர் திவ்தெஸ்மித் திவி கதி', எனக்கு இருபத்திரண்டு வயது. என் வகுப்பில் இருந்த ஸ்பானியர் இந்த 'எனக்கு'வோடு மாதக்கணக்கில் போராடினார். தமிழில் யோசித்தால் கையில் வந்து விழுகிறது. ஆங்கிலம் வழியாக லாத்வியம் படிக்கும் நம்மவர்கள் தேவையில்லாமல் சுற்றுப்பாதையில் போகிறார்கள் என்பது என் கட்சி.

18 நவம்பர்

இன்று 1918இல் லாத்வியக் குடியரசு அறிவிக்கப்பட்ட நாள். வெளியே ஒரே கொடியாக இருக்கிறது, கூடவே குளிர். தேதியைச் சொல்ல 'அஸ்துவொஞ்பத்ஸ்மிதைஸ் நொவெம்ப்ரிஸ்', பதினெட்டாவது நவம்பர். எழுத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், '18.' என்று. அந்தப் புள்ளிதான் 'ஆவது'. யாரோ வாக்கியத்தை முடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் 'உவொத்ர'வுக்கு வருகிறேன். இரண்டாவது என்பது 'உவொத்ரைஸ்', பெண்பாலில் 'உவொத்ரா'. திவியோடு சொந்தபந்தமே இல்லாத வேறு வேர். நாமும் ஒன்றாவது என்று பெரிதாகச் சொல்வதில்லையே, முதலாவது என்கிறோம். அதே கதை அவர்களுக்கு இரண்டு வரை நீள்கிறது.

ரீகாவில் இதற்குச் சரியான பயிற்சி பேருந்து எண்கள். விமான நிலையம் போகும் 22ஆம் எண் பேருந்தை 'திவ்தெஸ்மித் உவொத்ரைஸ்' என்பார்கள். 'திவ்தெஸ்மித்' அசையாமல் இருக்க, கடைசிச் சொல் மட்டும் 'ஆவது' ஆகிறது. வெறும் இருபத்திரண்டு என்றால் 'திவ்தெஸ்மித் திவி'. ஒரே எண்ணில் இரண்டின் இரண்டு முகமும் கிடைத்துவிடும்.

மாடி விஷயத்தில் மட்டும் கவனம். தரைத்தளமே இங்கே முதலாவது. 'உவொத்ரயா ஸ்தாவா', இரண்டாவது தளத்தில் என்றால் நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி. ஒரு மாடி கூடுதலாக ஏறி மூச்சு வாங்காதீர்கள்.

26 நவம்பர்

'புஸ்' என்றால் பாதி. 'புஸ்திவி' என்றால் எத்தனை மணி? இரண்டரை என்று சொல்ல வாய் வருகிறதா? ஒன்றரை மணி. இரண்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாகிவிட்டது என்ற கணக்கு. 'புஸ்திவுவொஸ்' என்றால் ஒன்றரை மணிக்கு. எங்கள் விடுதியில் ஒரு தம்பிக்கு வீட்டு உரிமையாளர் 'புஸ்திவுவொஸ்' வரச் சொல்லியிருந்தார். தம்பி இரண்டரைக்குப் போய் நின்றான். வாடகை வீடு கிடைத்துவிட்டது, வேறு ஒருவருக்கு.

மணி அல்லாத இடத்தில் ஒன்றரைக்கு 'புஸுவொத்ர' வரும். 'புஸுவொத்ர ஸ்துன்த', ஒன்றரை மணி நேரம். உடைத்தால் 'இரண்டாவதில் பாதி'. ஒன்று முழுசாகப் போய்விட்டது, இரண்டாவது பாதியில் நிற்கிறது. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு இந்த விளையாட்டு இல்லை: 'திவர்புஸ் ஸ்துன்தஸ்'. அது நம் இரண்டரையைப் போல நேர்வழியில் 'பாதியோடு இரண்டு'. ஆக புஸ்திவி ஒன்றரை மணி, திவர்புஸ் இரண்டரை. புஸ் முன்னால் வந்தால் குறையும், பின்னால் வந்தால் கூடும். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

1 டிசம்பர்

மேலே ஒருவர் "திவி, த்ரீஸ், செத்ரி என்று வருகிறதே, இது சமஸ்கிருதத்திலிருந்து போன மொழிதானே?" என்று கேட்டு, கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படத்தையும் போட்டிருக்கிறார்.

இல்லை. ஒற்றுமை உண்மை. த்வி, த்ரி, சதுர், ஸப்த, அஷ்ட, தச எல்லாம் திவி, த்ரீஸ், செத்ரி, செப்திஞி, அஸ்துவொஞி, தெஸ்மித் ஆகியவற்றோடு அப்படியே உட்காருகின்றன. நூறு 'ஸிம்த்ஸ்', அங்கே சதம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று போகவில்லை. இரண்டும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் வெவ்வேறு கிளை. லாத்வியமும் லிதுவேனியமும் பால்ட்டிக் கிளையில் இன்று உயிரோடு இருப்பவை. பழைய பிரஷ்யம் என்று இன்னொன்று இருந்தது, மறைந்துவிட்டது.

அந்த மறைந்த மொழி ஒரு வேடிக்கையான சாட்சி. ஒன்பதுக்கு சமஸ்கிருதத்தில் நவ, ந-வில் ஆரம்பம். லாத்வியத்தில் தெவிஞி, த-வில் ஆரம்பம். பழைய பிரஷ்யத்தில் ஒன்பதாவது 'நெவீன்ட்ஸ்', அங்கே ந அப்படியே இருக்கிறது. லாத்விய, லிதுவேனிய, ஸ்லாவிய மொழிகளில் பக்கத்து வீட்டுப் பத்தின் 'தெ' ஒன்பதுக்குத் தொற்றிக்கொண்டது என்பது பொதுவான விளக்கம். வரிசையாக எண்ணும்போது அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று இழுப்பது சகஜம். சிரிக்க வேண்டாம். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று மூன்று வைத்திருக்கிற நாம் அடுத்தவர் ஒன்பதைப் பற்றிப் பேசக்கூடாது.

'உவொத்ரைஸ்' கூட உறவுக்காரச் சொல்தான். லிதுவேனியத்தில் அது 'அந்த்ரஸ்'. சமஸ்கிருதத்தில் 'அந்தர', அதற்கு 'வேறு' என்றும் ஒரு பொருள். தேசாந்திரம், ஜன்மாந்திரம் என்பதில் பின்பாதியாக வருவது அதுதான். வேறு தேசம், வேறு பிறவி. லாத்வியத்தில் இன்றும் 'உவொத்ர்ஸ்' என்று குட்டையாகச் சொன்னால் 'இருவரில் மற்றவர்' என்று பொருள், 'உவொத்ரைஸ்' என்று நீட்டினால் 'இரண்டாவது'. 'வியென்ஸ் உவொத்ரம்' என்றால் ஒருவருக்கொருவர்.

14 டிசம்பர்

பத்துக்கு மேல் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நிம்மதி. 'தெஸ்மித்' மாறாது, பதினொன்று முதல் பத்தொன்பது வரையும் மாறாது. பெயர்ச்சொல்தான் உடைமை வேற்றுமைப் பன்மைக்குப் போகும்: 'தெஸ்மித் கது', பத்து ஆண்டு. 'தெஸ்மித் கதி' என்றும் சொல்வதுண்டு, அதுவும் ஏற்கப்படுகிறது.

பன்னிரண்டு 'திவ்பத்ஸ்மித்', 'பத்தின்மேல் இரண்டு'. இருபது 'திவ்தெஸ்மித்', இரண்டு பத்து. நம் இருபதும் இரு + பத்துதான். நாம் பன்னிரண்டில் பத்தை முதலில் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். வேகமாகப் பேசும்போது நடுவில் வரும் 'த்ஸ்' ஒரே ஒலியாக நசுங்கிவிடும். காதைத் தீட்டி வைத்தால்தான் பன்னிரண்டும் இருபதும் பிரியும். சந்தையில் இதனால் சில்லறை எண்ணுவதில் குழப்பம் வரும்.

அப்புறம் இருபத்தொன்று. 'திவ்தெஸ்மித் வியென்ஸ் கட்ஸ்', இருபத்தொரு ஆண்டு. பெயர் ஒருமையில்! கடைசியில் 'ஒன்று' நிற்கிறதல்லவா, அதுதான் அதிகாரி. நூற்றொன்றுக்கும் அப்படியே. பதினொன்றுக்கு மட்டும் ஒருமை கிடையாது, அங்கே ஒன்று 'பத்ஸ்மித்'துக்குள் கரைந்துவிட்டது.

15 டிசம்பர்

'தெஸ்மித் மாறாது' என்று நேற்று எழுதியதற்கு ஒரு வாலை ஒட்ட வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள். பத்து மணிக்கு 'தெஸ்மிதுவொஸ்', பிற்பகல் இரண்டு மணிக்கு, அதாவது பதினான்குக்கு, 'செத்ர்பத்ஸ்மிதுவொஸ்'. மாறாத எண்ணும் கடிகாரம் முன்னால் வந்தால் 'இல்' உருபை வாங்கிக்கொள்கிறது. வேறெங்கும் மசியாது. இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் கேட்டால் ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இரண்டு பத்து மணிக்கு 'தெஸ்மித் பாரி திவியெம்', இரண்டைத் தாண்டிப் பத்து. இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தால் 'பெஸ் தெஸ்மித் திவி', பத்து இல்லாமல் இரண்டு. முதலாவதில் திவியெம், இரண்டாவதில் திவி. இப்போது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

19 டிசம்பர்

மத்தியச் சந்தைக்குப் போனவர் ஒருவர், "அங்கே த்வா, த்வே என்கிறார்களே, அது எந்த வேற்றுமை?" என்று கேட்கிறார். அது ரஷ்ய மொழி ஐயா. ரீகாவில் ரஷ்யம் பேசுவோர் நிறைய. ஆண்பாலுக்கு த்வா, பெண்பாலுக்கு த்வே. அங்கேயும் பால் பார்த்துத்தான்.

சந்தை எண் பழக நல்ல இடம். பழைய செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு கட்டிய 5 கூடங்கள், 1930இல் திறந்தது. மீன் கூடத்தில் விலை கேட்டுக்கொண்டே நடந்தால் ஒரு பாடம் முடிந்துவிடும். நீங்கள் தயங்கினால் விற்பவர் மொழியை மாற்றிவிடுவார். அது அன்பினால்தான், ஆனால் படிப்புக்குக் கேடு. "லத்விஸ்கி, லூத்ஸு" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானோர் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள்.

2 ஜனவரி 2024

இன்று இரண்டாம் தேதி, கிழமை செவ்வாய். லாத்வியத்தில் 'உவொத்ரைஸ் யன்வாரிஸ், உவொத்ர்தியென'. திங்கள் 'முதல் நாள்', செவ்வாய் 'இரண்டாம் நாள்' என்று சனி வரை எண்தான், ஞாயிறு மட்டும் 'புனித நாள்'. ஞாயிற்றிலிருந்து எண்ணிப் பழகிய நமக்குப் புதன்கிழமை சந்திப்பு செவ்வாய்க்குப் போய்விடும் அபாயம் உண்டு.

லாட் போய் யூரோ வந்து நேற்றோடு பத்து ஆண்டு. 2014 ஜனவரி 1 அன்று மாறியது, ஒரு யூரோவுக்கு 0.702804 லாட் என்ற கணக்கில். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், லாட் ஒழுங்காக மாறும் சொல்: ஒரு லட்ஸ், திவி லதி, தெஸ்மித் லது. 'எய்ரோ' அப்படியில்லை. பேச்சில் எந்த வேற்றுமைக்கும் வளைந்து கொடுக்காது. 'பர் திவியெம் எய்ரோ', இரண்டு யூரோவுக்கு. பெயர் கட்டையாக நிற்க, எண் மட்டும் வளைந்து நெளிந்து வேற்றுமையைச் சொல்கிறது. விலை கேட்கும்போது இலக்கணம் முழுவதும் எண்ணின் தலையில்தான்.

லாத்வியாவின் 1, 2 யூரோ நாணயங்களில் இருக்கும் பெண் முகம் 1929இன் 5 லாட் வெள்ளி நாணயத்திலிருந்து வந்தது. கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.

11 ஜனவரி

ஆசிரியைக்குப் பூ வாங்கப் போகிறேன், "திவஸ் ரொஸெஸ்" சரியா என்று கேட்கிறீர்கள். இலக்கணம் சரி. வாங்காதீர்கள்!

இரட்டைப்படையில் பூ கொடுப்பது இங்கே சாவுக்கும் கல்லறைக்கும். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைதான். தேர்பதஸ் தெருவில் வேர்மனெஸ் பூங்காவை ஒட்டி வரிசையாகப் பூக்கடைகள் இருக்கின்றன. நீங்கள் இரண்டு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பவர் முகத்தைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொள்வார். துக்க வீடு என்று நினைப்பார். மொய்க் கவரில் 100 வைக்காமல் 101 வைக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'த்ரீஸ் ரொஸெஸ்' என்று கேளுங்கள்.

28 ஜனவரி

இனி வருவது பரீட்சைக்காரர்களுக்கு. பன்மையில் மட்டுமே இருக்கும் பெயர்கள் உண்டு. கதவு 'துர்விஸ்', ஒரு கதவானாலும் பன்மை. மூக்குக்கண்ணாடி, கால்சட்டை எல்லாம் இப்படி. அப்போது இரண்டு கதவு? 'திவேயஸ் துர்விஸ்'. இதற்கென்றே திவேயி, திவேயஸ் என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் இதைத்தான் கேட்கும். ஆனால் தெருவில் நான் காதால் கேட்டது 'திவஸ் துர்விஸ்' தான் அதிகம். பரீட்சையில் திவேயஸ் எழுதுங்கள், பழுதுபார்க்க வந்தவரிடம் எதைச் சொன்னாலும் கதவைச் சரி செய்துவிடுவார்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'திவதா'. இருவராக, இருவர் மட்டும் என்று பொருள். மூவர் என்றால் 'த்ரியதா'. உணவகத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் 'திவதா' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம். 'இருவர்' என்று ஆட்களுக்குத் தனிச் சொல் வைத்திருக்கிற நமக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும். 'அபி' என்றால் இருவரும், பெண்பாலில் 'அபஸ்'. மிதிவண்டிக்கு 'திவ்ரிதெனிஸ்', இரண்டு சக்கரம். ஈருருளி என்று நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் நாம் சைக்கிள் என்போம், அவர்களும் வெலொ என்பார்கள்.

6 பிப்ரவரி

எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள் என்று நவம்பரில் எழுதினேன். மறுபடி யோசித்தால் அது முழுக்கப் பொருந்தவில்லை. தொலைபேசி எண் சொல்லும்போது பக்கத்தில் பெயரே இல்லை. வாய்ப்பாட்டிலும் இல்லை: 'திவ்ரெய்ஸ் திவி இர் செத்ரி', இரண்டு இரண்டு நான்கு. பெயர் இல்லாத இடத்தில் ஆண்பால் எழுவாய் வடிவம்தான் இயல்பானது, அதாவது செயலி சொல்லிக்கொடுத்த அதே திவி. அவசர எண் 112ஐ 'வியென்ஸ் வியென்ஸ் திவி' என்றே சொல்வார்கள்.

கைபேசி எண் இங்கே 8 இலக்கம், 2இல் தொடங்கும். பலர் இரண்டிரண்டாகச் சேர்த்து, இருபத்தாறு, நாற்பத்தெட்டு என்று மழையாகப் பொழிவார்கள். எழுதிக்கொள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், 'புவொ வியெனம்' என்றால் ஒவ்வொன்றாக.

6 பிப்ரவரி, மறுபடியும்

மேலே 'புவொ' என்பது தட்டச்சுத் தவறு, 'ப வியெனம்' என்று படிக்கவும். ப என்பதுதான் முன்னிடைச்சொல். இரண்டிரண்டாக என்றால் 'ப திவியெம்', பெண்பாலென்றால் 'ப திவாம்'.